நிற்கிற வண்டியிலும் விழிப்பு வேண்டும்

(முன்னாள் மாணவர் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன் நம் செயலாளர் ஓர் அறிவிப்புச் செய்தார். "வர்ற கோடையில குடும்பத்தோட ஒரு பெரிய வண்டி எடுத்துக்கிட்டுப் பத்து நாள் கிளம்புவோம். அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை" என்றார். எல்லாரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். ஆனால் தட்டிய கையோடு சில வார்த்தைகள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதி வந்த பேச்சைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

வண்டியில் குடியிருப்பது திருத்தணிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற குடும்பங்களை நாம் பிள்ளைப் பருவத்திலிருந்து பார்த்திருக்கிறோம். வேனுக்குப் பக்கத்தில் அடுப்பு, வேனுக்குள் தூளி, வேனுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்திருக்கும் தாத்தா. படிக்கும் காலத்தில் ஒரு கிருத்திகையன்று திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஓர் அம்மா எரிகிற அடுப்பையே வேனுக்குள் தூக்கி வைத்தார். "வேண்டாம்மா" என்றேன். "நாங்க வருஷா வருஷம் இப்படித்தான் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தார். அன்று ஒன்றும் ஆகவில்லை. அதுதான் ஆபத்து. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு முறையும் நமக்குத் துணிச்சல் ஏறிப்போகிறது.

வண்டி ஓடும்போது நாம் பயப்படுகிறோம். "மெதுவா போப்பா" என்று டிரைவரிடம் சொல்கிறோம். வண்டி நின்றதும் பயம் போய்விடுகிறது, வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைப்பு. நான் சொல்லப்போகும் மூன்று சம்பவங்களிலும் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

முதலாவது, மதுரை. 2023 ஆகஸ்ட் 26. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப் பெட்டியை ரயிலிலிருந்து கழற்றி நிறுத்தியிருந்தார்கள். விடியற்காலை 5 மணிக்கு மேல் பெட்டிக்குள்ளேயே சிலிண்டர் வைத்து அடுப்பு பற்றவைத்ததில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ரயிலில் சிலிண்டர் கொண்டுபோகக் கூடாது என்ற விதி முன்பே இருந்தது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவிக் கிடக்கும். வீட்டில் கதவைத் திறந்து ஆளை வெளியே அனுப்பிவிடலாம். வண்டியில் கதவு ஒன்றோ இரண்டோ, நடுவில் மூட்டை முடிச்சு.

இரண்டாவது, வடகரை. கேரள மாநிலம், கோழிக்கோடு மாவட்டம். 2024 டிசம்பரில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அடி இல்லை, காயம் இல்லை. ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளக்கூடியது. தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாலும் இதே கதைதான்.

மூன்றாவது, நம் பக்கத்து நாட்றம்பள்ளி. 2023 செப்டம்பர் 11. தர்மஸ்தலா போய்த் திரும்பிய வேன் பஞ்சராகி நெடுஞ்சாலையில் நின்றது. இறங்கியவர்கள் வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த லாரி வேனில் மோதியது. வேன் அவர்கள் மேல் பாய்ந்து 7 பெண்கள் இறந்தார்கள். சக்கரம் மாற்றும் நேரம்தானே என்று நாமும் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம்.

ஆகவே செயலாளர் அவர்களே, போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போகலாம், இப்படிப் போவோம்:

சமையல் வண்டிக்கு வெளியே, திறந்த வெளியில், வண்டியிலிருந்து நாலடி தள்ளி. மழை வந்தால் அன்றைக்கு ஹோட்டல் சாப்பாடு. வண்டி கிளம்புமுன் ரெகுலேட்டரை மூடியாயிற்றா என்று ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வாசனை வந்தால் விளக்கு ஸ்விட்சைத் தொடாமல் முதலில் ஆட்களை இறக்க வேண்டும்.

ராத்திரி இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உள்ளே தூங்கக் கூடாது. வேர்த்தாலும் பரவாயில்லை, ஜன்னலைத் திறந்து படுப்போம். கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்துகிற சிறு கருவி கடையில் கிடைக்கிறது, சங்கச் செலவில் ஒன்று வாங்கலாம்.

வண்டி கெட்டு நின்றால் எல்லாரும் இறங்கிச் சாலையை விட்டே விலகி நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். மலைச் சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கோடு சக்கரத்துக்குக் கட்டையும் வேண்டும்.

கடைசியாக டிரைவர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது 1961-இல். நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று அந்தச் சட்டம் சொன்னது. நாம் கோயில் பார்க்கப் போகும்போது அவர் தூங்கட்டும். அவருக்கும் ஒரு நல்ல படுக்கை போடுங்கள். இரவில் ஓட்டச் சொல்லி நச்சரிக்காதீர்கள்.

தம்பி தங்கையரே, நீங்களும் நாளைக்கு வேன் எடுப்பீர்கள். அப்போது "ஒண்ணும் ஆகாது" என்று ஒருவர் சொன்னால், "ஆனா என்ன செய்யறது?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். கேட்கிறவரை எல்லாரும் கேலி செய்வார்கள். செய்யட்டும். நம் பயணத்தில் அந்த ஆளாக இருக்க நான் இப்போதே பெயர் கொடுத்துவிட்டேன்.

நம் மலைக்கு 365 படி. மூச்சு வாங்கினால் நின்று, குழந்தைகளின் கையைப் பிடித்துத்தான் ஏறுகிறோம். அதே நிதானத்தோடு போய்விட்டு வருவோம். தணிகை வேலன் துணை இருப்பான், ரெகுலேட்டரை நாம்தான் மூட வேண்டும்.