ஒளி வாய்க்கால் வெட்ட ஆள் தேவை!

 

தஞ்சைத் தரணியிலே நின்றுகொண்டு வாய்க்காலைப் பற்றி வாய் திறப்பவன், கொல்லன் தெருவிலே ஊசி விற்பவனுக்கு ஒப்பானவன். ஆறு எங்கே பிரிகிறது, மதகு எப்போது திறக்கிறது, தலைமடையிலே தளும்பும் நீர் கடைமடைக்கு ஏன் வந்து சேரவில்லை, இவையெல்லாம் எனக்குக் கற்றுத்தர வேண்டியவர்கள் நீங்கள். ஆயினும் இன்று நான் பேச வந்திருப்பது ஒளி ஓடும் வாய்க்காலைப் பற்றி! அதை வெட்டுவதற்கு ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தியைப் பற்றி!

ஒளிக்கு வாய்க்காலா என்று வியக்காதீர்கள். கணினியின் உள்ளே செய்தியைச் சுமந்து திரிவது மின்சாரம். அது ஓடும் பாதை செம்புக் கம்பி. செய்தி பெருகப் பெருகக் கம்பி சூடேறுகிறது. சூடேறச் சூடேற மின்சாரம் வீணாகிறது. செயற்கை நுண்ணறிவுக்கென இன்று எழுப்பப்படும் தரவு மையங்களிலே, ஆயிரமாயிரம் சில்லுகள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசவேண்டும். பேசுவதற்கே பெருமின்சாரம் செலவானால், எண்ணுவதற்கு என்ன மிஞ்சும்? ஆகவே, செம்பை விடுத்து ஒளியைத் தூதனுப்புக என்கிறார்கள் அறிவியலார். கடலுக்கடியிலே கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் கண்ணாடி இழையில் ஒளி நெடுநாளாகவே தூது நடக்கிறது. அதே ஒளியைச் சில்லின் மீதே ஓடச் செய்வதுதான் ‘சிலிக்கன் ஃபோட்டானிக்ஸ்’ என்னும் புதுக்கலை.

எப்படி ஓடுகிறது? சிலிக்கனால் ஒரு சிறு வரப்பு அமைக்கிறார்கள். அதன் அகலம் ஏறத்தாழ 500 நானோமீட்டர். உயரம் 220 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுதான் நானோமீட்டர். நமது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் அந்த வரப்பின் அகலம்! நம் கழனியிலே இரு வரப்புக்கு நடுவே நீர் ஓடும். அங்கே வரப்பின் உள்ளேயே ஒளி ஓடும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி, கல்லணையிலே காவிரியும் வெண்ணாறும் பிரிவதுபோலப் பிரிய வேண்டிய இடத்தில் பிரிகிறது. கூட வேண்டிய இடத்தில் கூடுகிறது. மதகு போன்ற உறுப்பு நொடிக்குப் பல நூறு கோடி முறை திறந்து மூட, ஒளி செய்தியாகிறது.

சிலிக்கன் என்றதும் அந்நியச் சரக்கு என்று எண்ணிவிடாதீர்கள். ஆற்று மணலிலே இருப்பது அது. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் தாளிலும் தோகையிலும் உமியிலும் சேர்த்து வைப்பதும் அதுதான். அறுவடையின்போது நெற்தோகை கையைக் கீறுகிறதே, அந்தக் கூர்மையைத் தருவது அதில் படிந்த சிலிக்கா. உமியை எரித்தால் எஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சில்லுக்கு வேண்டிய சிலிக்கனை உமியிலிருந்து எடுப்பதில்லை. குவார்ட்ஸ் கல்லிலிருந்து எடுத்துத் தூய்மை செய்கிறார்கள். ஆனால் தனிமம் ஒன்றே! தலைமுறை தலைமுறையாக அந்தச் சிலிக்கனால் கை கீறப்பட்டவன் வீட்டுப் பிள்ளை, அதே சிலிக்கனிலே ஒளி செலுத்தும் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய வேண்டும். இதுவே இன்று நான் மக்கள் மன்றத்திலே தொடுக்கும் வழக்கு.

இக்கலை வளர்ந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்கிறேன். 1980களின் நடுவிலே அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு சோரெஃப், சிலிக்கன் ஒளிக்கும் உகந்த பொருள் என்று எடுத்துரைத்தார். 2004இல் இன்டெல் நிறுவனம், நொடிக்கு நூறு கோடி முறைக்கு மேல் ஒளியை மாற்றியமைக்கும் சிலிக்கன் உறுப்பைச் செய்து காட்டியது. ஆனால் ஒரு குறை. சிலிக்கன் ஒளியைக் கடத்தும். தானாக ஒளியை உமிழ்வதிலோ மிகவும் சோம்பேறி! அதே 2004இல் கலிபோர்னியாவிலே அந்தச் சோம்பேறியையும் லேசராக்கினார்கள். எந்த வித்தையால்? ராமன் விளைவு! 1888இல் காவிரிக்கரைத் திருச்சியிலே பிறந்த சி. வி. ராமன், 1928இல் கல்கத்தாவிலே கண்டறிந்து, 1930இல் நோபல் பரிசு பெற்ற அதே விளைவு. 2025 மார்ச்சிலே என்விடியா நிறுவனம், தரவு மையங்களின் இணைப்புக் கருவிகளுக்குள்ளேயே சிலிக்கன் ஒளிச் சில்லுகளைப் பதிப்பதாக அறிவித்தது. ஆய்வுக்கூடத்துக் கனவு அங்காடிக்கு வந்துவிட்டது.

நம் நாடு எங்கே நிற்கிறது? சென்னை ஐ.ஐ.டி.யிலே, ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் துணையோடு சிலிக்கன் ஃபோட்டானிக்ஸ் சிறப்பு மையம் நிறுவப்பட்டிருக்கிறது. பேராசிரியர் பிஜாய் கிருஷ்ண தாஸ் அதன் முன்னணியில் நிற்பவர். எவராலும் முன்கூட்டிக் கணிக்க இயலாத எண்களை ஒளியின் குவாண்டம் இயல்பைக் கொண்டு உருவாக்கி, மறைச்செய்திக்குப் பூட்டாக அமையும் கருவி அங்கே உருவாகியிருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் இத்துறை ஆய்வு நடக்கிறது. கட்டடம் உண்டு, கருவி உண்டு. அந்தக் கருவியின் முன்னே ஐந்தாண்டுக் காலம் அமர்ந்து ஆராயும் முனைவர் பட்ட மாணவர்கள் வேண்டும். பேராசிரியர் வழி காட்டுவார். அந்த வழியிலே இரவு பகலாக நடப்பவர் மாணவர்தான்.

அவர் செய்யும் வேலை என்ன? வரப்பின் வளைவுகளைக் கணினியிலே வரைவார். வரைந்ததை வார்ப்புச்சாலைக்கு அனுப்புவார். ஒரே சிலிக்கன் தட்டிலே பல ஆய்வுக் குழுவினரின் வரைபடங்கள் பங்குபோட்டு இடம்பெறும். சில்லு திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும். வந்த சில்லிலே மெல்லிய கண்ணாடி இழையைப் பொருத்தி ஒளி பாய்ச்சினால், கணக்கிலே ஓடிய ஒளி சில்லிலே ஓடாது! வெப்பம் ஒரு பாகை ஏறினால் போதும், ஒளியின் அலைநீளம் வாசல் தவறி நழுவும். மறுபடி கணக்கு, மறுபடி வரைபடம், மறுபடி காத்திருப்பு. நாற்று விட்டு, நட்டு, களை பறித்து, அறுப்புக்கு நாளெண்ணும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பொறுமையைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

பின் ஏன் அந்தப் பிள்ளை அங்கே போகவில்லை? நான் நாடகம் எழுதுபவன். ஒரு காட்சியாகவே காட்டுகிறேன். திருவையாற்றுப் பக்கத்துச் சிற்றூர். முதுகலை இயற்பியல் முடித்த மகள். மூன்று மா நிலம் வைத்திருக்கும் தந்தை.

“எம்.எஸ்சி. முடித்துவிட்டாய். இன்னும் என்னம்மா படிப்பு?”

“முனைவர் பட்ட ஆராய்ச்சி, அப்பா.”

“எத்தனை ஆண்டு?”

“ஐந்து ஆண்டு ஆகலாம்.”

“ஐந்து குறுவை, ஐந்து சம்பா! அதுவரை கடன்காரன் காத்திருப்பானா? கட்டணத்துக்கு நான் எங்கே போவேன்?”

“கட்டணம் சிறிதுதான், அப்பா. மாதந்தோறும் அவர்களே எனக்கு உதவித்தொகை தருவார்கள்.”

“படிப்பவளுக்கு அவர்கள் பணம் தருவார்களா? யாரம்மா உன்னை ஏமாற்றியது?”

சிரிக்கிறீர்கள்! அந்தத் தந்தையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் கேட்டதிலே நியாயம் இருக்கிறது. கல்வி என்றால் பணம் கட்டுவது என்றே அவருக்கு உலகம் பழக்கியிருக்கிறது. உண்மை என்ன? இளநிலை ஆய்வாளருக்கான மாத உதவித்தொகை 2023 சனவரி 1 முதல் 37,000 ரூபாய். முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாய். இந்தச் செய்தி டெல்லியிலே அறிவிக்கப்பட்டது. திருவையாற்றுக்கு வந்து சேரவில்லை. தலைமடையிலே தண்ணீர், கடைமடையிலே வெடிப்பு!

உதவித்தொகையின் அருமையை உணர்ந்த ஊர் கும்பகோணம். அங்கே வளர்ந்த இராமானுஜன், அரசுக் கல்லூரியில் கணக்கிலே மேதையாகவும் மற்றப் பாடங்களிலே தவறியவராகவும் இருந்து, கிடைத்த உதவித்தொகையை இழந்தார். அங்கே பட்டம் பெறவே இல்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்திலே மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் ஆனார். 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம், மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்து அவரை அழைத்துக்கொண்டது. பட்டம் பெறாதவருக்கு அப்படித் தருவது வழக்கமன்று. வழக்கம் ஒதுங்கி வழிவிட்டது. அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்த 75 ரூபாய் வராதிருந்தால்? துறைமுகத்துக் கணக்கேடுதான் அவரது கணித நூலாகியிருக்கும்! அவருக்காவது, கடிதம் எழுதிப் பரிந்துரைக்கப் பெரிய மனிதர்கள் வாய்த்தார்கள். பரிந்துரைக்க யாருமற்ற குப்பத்துக்கும் சேரிக்கும் அந்த வாய்க்கால் அன்று வெட்டப்படவே இல்லை.

இன்று வெட்டப்பட்டிருக்கிறது, ஆனால் பாய்கிறதா? 2015 முதல் 2019 வரை ஐந்தாண்டுகளில் ஐ.ஐ.டி.க்களில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்க்கப்பட்டவர்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 9 விழுக்காடு. பழங்குடியினர் ஏறத்தாழ 2 விழுக்காடு. இது ஒன்றியக் கல்வி அமைச்சகம் தந்த கணக்கு. சட்டம் வகுத்த பங்கோ 15 விழுக்காடும் 7.5 விழுக்காடும்! பிற்படுத்தப்பட்டோருக்கும் 27 விழுக்காடு நிறையவில்லை. தகுதியானவர் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்வார்கள். மதகைத் திறக்காமலே, வயல் தண்ணீர் கேட்கவில்லை என்று எழுதிவைக்கும் அதிகாரியை நீங்கள் ஏற்பீர்களா?

கல்லூரியை இடையிலே விட்டு மேடைக்கு வந்தவன் நான். பட்டம் பெறாதவனுக்கு முனைவர் பட்டத்தைப் பற்றிப் பேசத் தகுதி உண்டா என்று கேட்பவர் உளர். தாகத்தைப் பற்றிப் பேசுவதற்குக் கையிலே தண்ணீர்க்குடமா வேண்டும்?

ஆகவே ஆய்வு நிறுவனங்களின் முன் நான் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. ஆள் தேவை என்ற அறிவிப்பைத் தமிழிலும் வெளியிடுங்கள். தஞ்சை சரபோசி கல்லூரிக்கும் குந்தவை நாச்சியார் கல்லூரிக்கும் திருவாரூர் திரு.வி.க. கல்லூரிக்கும் ஆய்வாளர்களை அனுப்பி, மாணவரிடையே பேசச் செய்யுங்கள். நேர்காணலில் இயற்பியலைச் சோதியுங்கள். ஆங்கில உச்சரிப்பைச் சோதிக்காதீர்கள். இடஒதுக்கீட்டு இடங்களை நிரப்புங்கள். துறைவாரியாகக் கணக்கை வெளியிடுங்கள். உதவித்தொகையை மாதம் தவறாமல் கொடுங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மூன்று மாதத் தாமதம் ஒரு தொல்லை; வயல் வரப்பிலிருந்து வந்த பிள்ளைக்கு அதுவே வெளியேற்ற உத்தரவு.

தாய்மார்களே! ஆய்வுக்குப் போகும் மகளைத் திருமணச் சந்தையின் நாட்காட்டியைக் காட்டி மறிக்காதீர்கள். அவள் சம்பாதிக்கும் முதல் பணம் ஆய்வு உதவித்தொகையாக இருக்கட்டும்.

தம்பி! தங்கை! உங்களுக்குச் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்கிறேன். இயற்பியலிலோ மின்னணுவியலிலோ முதுகலை, முதுநிலைப் பொறியியல் முடித்தவர்கள் ‘கேட்’ தேர்வோ ‘நெட்’ தேர்வோ எழுதி ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். பொறியியல் இளநிலை மட்டும் முடித்தவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு வழி எம்.எஸ். பட்டம் என்ற வாசலும் உண்டு. ‘கேட்’ விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கிலே தொடங்குகிறது. தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. மின்காந்தவியலையும் அலை ஒளியியலையும் மறுபடி எடுத்துப் படியுங்கள். கணினியில் நிரல் எழுதப் பழகுங்கள். நீங்கள் சேர விரும்பும் பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, புரியாத இடத்தைக் குறித்து, அவருக்கே கடிதம் எழுதுங்கள். பதில் வரவில்லையா? இன்னொருவருக்கு எழுதுங்கள்! பெல்ஜியத்திலே கெண்ட் பல்கலைக்கழகமும் இங்கிலாந்திலே சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகமும் இத்துறையில் பேர்பெற்றவை, அங்கும் எழுதலாம்.

கூட்டம் முடிந்து வீடு திரும்புகிறீர்கள். உங்கள் தெருவிலே இயற்பியல் படித்துவிட்டு, வேறு வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் பிள்ளை ஒருவர் கட்டாயம் இருப்பார். இன்றிரவே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஆள் தேடுகிறார்கள், உதவித்தொகை தருகிறார்கள், அடுத்த பிப்ரவரியிலே தேர்வு என்று சொல்லுங்கள். அவருடைய தந்தை நம்பவில்லையென்றால், இந்த இதழைக் காட்டுங்கள்!