காடு என்று எழுதிய ஊர்

(தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் தலைநகரம் நைரோபி. அங்கே கிபேரா என்று ஒரு பெரிய குடிசைப் பகுதி. 2009-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கின்படி 1,70,070 பேர் அதில் வாழ்ந்தார்கள். ஆனால் அந்த வருஷம் சர்க்கார் வரைபடத்தை விரித்தால் அந்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? காடு!

1900-களின் தொடக்கத்தில் வெள்ளைக்கார சர்க்கார் தன் பட்டாளத்து நூபியச் சிப்பாய்களைக் குடியேற்றிய காடு அது. அவர்கள் பாஷையில் கிப்ரா என்றாலே காடுதான். நூறு வருஷமாகியும் படத்தில் ஒரு மரம்கூடச் சாயவில்லை! காடு என்று எழுதிவிட்டால் எவ்வளவு சௌகரியம் பாருங்கள். காட்டுக்குக் குழாய் எதற்கு, சாக்கடை எதற்கு?

2009 கடைசியில் கிபேரா இளைஞர்கள் 13 பேர் கிளம்பினார்கள். அமெரிக்கர்களான மிகேல் மரோன், எரிக்கா ஹேகன் இருவரும் வேலையைக் கற்றுக் கொடுத்தார்கள். கையில் ஜி.பி.எஸ். என்ற சிறு கருவி. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களில் நான்கின் சமிக்ஞையாவது கிடைத்தால், நாம் நிற்கும் இடத்தை அது சொல்லிவிடும். சந்து சந்தாக நடந்து, தண்ணீர்க் குழாய், கக்கூஸ், வைத்தியசாலை, பள்ளிக்கூடம் என்று குறித்தார்கள். சுமார் மூன்று வாரத்தில் முதல் படம் தயார். 2004-ல் லண்டனில் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்ற பொதுப் படத்தில் அதைச் சேர்த்தார்கள். அதை யாரும் காசில்லாமல் எடுத்துக் கொள்ளலாம்.

கருவி இருந்தால் போதுமா? போதாது. அது சில மீட்டர் பிசகும். தகரக் கூரைகள் நெருங்கிய இடத்தில் சமிக்ஞை முட்டித் திரும்பி, இன்னும் பிசகும். இரண்டு முழச் சந்தில் ஐந்து மீட்டர் தவறினால் குழாய் அடுத்த சந்துக்குப் போய்விடும்! எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, எந்தக் கக்கூஸுக்குக் காசு கேட்கிறார்கள் என்பதை எந்தக் கோள் சொல்லும்? குடியிருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். பின்னர் படத்தை அச்சிட்டு, மேலே மெல்லிய தாளை விரித்து, அங்குள்ள பெண் பிள்ளைகளே போக அஞ்சும் இடங்களைப் பேனாவால் குறித்தார்கள். என் அபிப்பிராயத்தில் கருவியைவிட அந்தப் பேனாதான் பெரிது.

படம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2018 ஜூலையில் கிபேராவுக்கு நடுவே சாலை போட புல்டோசர் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. பள்ளிக்கூடங்களும் இடிந்தன. படம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் இடித்தது காட்டை என்று இந்த முறை யாராலும் சொல்ல முடியவில்லை.