மூளைக்குப் பரவும் புற்றுநோயும் குவிகதிர்ச் சிகிச்சையும்

நுரையீரலிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்றுநோய் மூளைக்குப் பரவுங்கால், மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு அளிப்பதே நெடுங்கால வழக்கம். அதற்குப் பெரும்பாலும் இரு வாரங்களில் பத்து அமர்வுகள் தேவை, நினைவாற்றலும் குன்றக்கூடும்.

சுவீடன் நாட்டு மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-இல் வேறொரு வழியை வகுத்தார்: பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் நோயுற்ற இடத்தில் மட்டும் குவிதல் வேண்டும். இம்முறையில் அமைந்த காமா கத்தி, புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1997-இல் நிறுவப்பெற்றது. கட்டிகள் சிறியனவாகவும் சிலவாகவும் இருப்பின், பெரும்பாலும் ஒரே நாளில் சிகிச்சை முடியும். தொலைவிலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கு மிஞ்சும் ஒவ்வொரு நாளும் ஊதியமே.

ஆயினும், இக்கருவியிலுள்ள கோபால்ட்-60இன் வீரியம் சுமார் 5.3 ஆண்டுகளில் பாதியாகும். எனவே, கருவி வாங்குவதற்கு மட்டுமன்றி, அதனைப் புதுப்பிக்கவும் நிதி ஒதுக்கப்படல் வேண்டும். மாவட்ட அளவிலேயே நோயைக் காலத்தே கண்டறிந்து அனுப்பும் ஏற்பாடும் உடன் அமைதல் வேண்டும். கட்டி பெருத்தபின் வந்து சேருபவருக்கு இக்கருவியால் விளையும் பயன் குறைவே.