பன்றியும் நாடாப்புழுவும் காக்கை வலிப்பும்

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



குடும்ப நலம் என்றால் எத்தனை பிள்ளை பெறுவது என்ற பேச்சு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பெற்ற பிள்ளையும், பெற்ற தாயும், உழைக்கும் தகப்பனும் நோயில்லாமல் இருந்தால்தான் அது குடும்ப நலம். இன்றைக்கு நான் ஒரு புழுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "புழுவுக்கு ஒரு கூட்டமா?" என்று சிரிக்காதீர்கள். இந்தப் புழு பல குடும்பங்களைப் பிரித்திருக்கிறது.

புழுக்களில் உருண்டைப் புழு உண்டு, தட்டைப் புழு உண்டு. மாட்டின் ஈரலில் இலைபோல் ஒட்டிக்கொண்டு அதை மெலியவைக்கும் ஈரல் புழு ஒரு தட்டைப் புழு. நாம் பேசப்போகும் நாடாப்புழு இன்னொன்று. பெயருக்கு ஏற்றபடி ரிப்பன் நாடா மாதிரி வெள்ளையாக, தட்டையாக, துண்டு துண்டாகக் கோத்தாற்போல் இருக்கும். நீளம் பல அடி. தலை மட்டும் குண்டூசி முனை அளவுதான். அந்தத் தலையில் இருக்கும் கொக்கிகளால் குடலைக் கவ்விக்கொண்டு, நாம் சாப்பிடுவதில் பங்கு வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் வாழும்.

பன்றி நாடாப்புழு என்று இதற்குப் பெயர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது முழுப் புழுவாக வளர்வது மனிதன் குடலில் மட்டும்தான். பன்றிக்குள் இருப்பது இதன் குஞ்சு. அப்படியானால் பன்றிக்கு இது எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்துதான்.

புழு உள்ளவர் வெளிக்குப் போகும்போது, புழுவின் துண்டுகள் மலத்தோடு வெளியே வரும். ஒரு துண்டுக்குள்ளேயே ஆயிரமாயிரம் முட்டைகள். ஊர் ஓரத்தில் மலங்கழித்தால், திரியும் பன்றி அதைத் தின்கிறது. முட்டை பன்றியின் குடலில் பொரிந்து, ரத்தத்தோடு கலந்து தசைக்குப் போய், சிறு நீர்க்கொப்புளமாகத் தங்கிவிடுகிறது. கறியை வெட்டிப் பார்த்தால் வெந்த ஜவ்வரிசி பதித்ததுபோல் தெரியும். அந்தக் கறியை அரைவேக்காடாகத் தின்றவர் குடலில் கொப்புளத்துக் குஞ்சு தலையை நீட்டிக் கவ்விக்கொள்ளும். இரண்டு மாதத்தில் முழு நாடாப்புழு தயார். இது ஒரு சுற்று.

"நாங்க பன்றிக்கறி தொடறதே இல்லையே, எங்களுக்கு என்ன வந்தது?" என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. கறியைத் தின்றால் வருவது குடல் புழு. அதனால் பெரிய உபாதை இருக்காது; புழு இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் முட்டையை விழுங்கினால் கதை வேறு. பன்றியின் உடம்பில் நடந்தது அப்படியே மனித உடம்பில் நடக்கும். கொப்புளம் தசையில் தங்கலாம், கண்ணில் தங்கலாம், மூளையிலும் தங்கலாம்.

முட்டை எப்படி வாய்க்கு வரும்? புழு உள்ளவர் கால் கழுவிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு பிசைந்து கொடுத்தால் வரும். மலம் கலந்த தண்ணீரால் வரும். கழுவாத கொத்தமல்லி, கீரை, காரட் வழியாக வரும். 1992-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், மதக் கட்டுப்பாட்டால் பன்றிக்கறியையே தொடாத யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பேருக்கு மூளையில் இந்தக் கொப்புளம் இருந்ததை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். புழு உள்ள நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள் மூலம் முட்டை பரவியிருக்க வேண்டும் என்று கண்டார்கள். ஆகவே சைவமோ அசைவமோ, அடுத்தவர் கை சுத்தம் நம் மூளையைப் பாதிக்கும்.

மூளையில் தங்கிய கொப்புளம் சில வருஷம் சும்மா கிடக்கும். அது சாகும்போது சுற்றிலும் வீக்கம் உண்டாகி, வலிப்பு வரும், தலைவலியும் வரலாம். இந்தப் புழு உள்ள ஊர்களில், வலிப்பு நோயாளிகளில் 100-க்கு சுமார் 30 பேருக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வேலூர்ப் பகுதியில் நடத்தி 2006-ல் வெளிவந்த ஆய்விலும் ஏறக்குறைய அந்த அளவே தெரிந்தது.

இப்போது தம்பதிகள் கவனிக்க வேண்டியதற்கு வருகிறேன். மருமகளுக்கு வலிப்பு வந்ததும், "சீக்கைச் சொல்லாமல் கட்டிவைத்துவிட்டார்கள்" என்று பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்கிறவர்களும் உண்டு. ஐயா, அது அவள் வம்சத்துக் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சோற்றில் வந்த முட்டையாகவே இருக்கலாம். 1976-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயையும் தடையாகச் சேர்த்திருந்தார்கள். 1999-ல் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். சட்டமே மனம் மாறியபிறகு நாம் மாற வேண்டாமா?

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு, மூக்கில் செருப்பு, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் தடவை வந்த வலிப்பு நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். தலையை ஸ்கேன் எடுத்தால், கொப்புளம் இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். கொப்புளத்துக்கு மருந்து உண்டு, ஆனால் மருத்துவர் மேற்பார்வையில்தான். கடையில் பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டால், மூளையிலுள்ள கொப்புளம் வீங்கி வலிப்பு அதிகமாகலாம்.

வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண் கருத்தரிக்க விரும்பினால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் சிசுவைப் பாதிக்கும். அவர் தக்கபடி மாற்றித் தருவார், ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய்த் தானாக மாத்திரையை நிறுத்துவது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து.

மலத்தில் வெள்ளை நாடாத் துண்டு கண்டால் வெட்கப்படாமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்து ஒரே வேளைதான். ஒருவருக்கு இருந்தால் வீட்டில் எல்லோரையும் பரிசோதிப்பது நல்லது.

கடைசியாக, நினைவில் வைக்க வேண்டியவை:

1. கழிப்பறையைக் கட்டி விறகு அடுக்காதீர்கள். குழந்தை முதல் கிழவர் வரை அதிலேயே போக வேண்டும்.

2. வெளிக்குப் போய் வந்ததும், சமைக்குமுன், பிள்ளைக்கு ஊட்டுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

3. பச்சையாகத் தின்னும் காய், கீரையை நல்ல தண்ணீரில் அலசுங்கள். குடிதண்ணீரைக் காய்ச்சுங்கள்.

4. பன்றி வளர்ப்பவர்கள் பட்டியில் அடைத்துத் தீனி போடுங்கள். மலம் இருக்கும் இடத்துக்கு விடாதீர்கள்.

5. பன்றிக்கறியை உள்ளே சிவப்பு இல்லாமல் நன்றாக வேகவிடுங்கள். ஜவ்வரிசி போல் கொப்புளம் தெரிந்தால் அந்தக் கறி வேண்டாம்.

இந்தச் சுற்றில் பன்றி பேச முடியாது, புழுவும் பேச முடியாது. அறுக்கக்கூடியவர்கள் நாம் மட்டும்தான். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, நம் வீட்டில் இந்த ஐந்தில் எது குறைகிறது என்று பேசுங்கள். நாளைக் காலையிலிருந்து அதைச் சரிசெய்யுங்கள்.