கல்லும் தறியும் கற்பிக்கும் வரலாறு



பட்டப் படிப்பை முடித்தபின் மேற்கொண்டு எதனைப் பயில்வது என்னும் வினா உங்களுள் பலருடைய உள்ளத்தில் எழுந்திருக்கும். மருத்துவம், பொறியியல், கணினி, வணிகம் ஆகிய துறைகளைப் பற்றி எடுத்துரைப்போர் பலர் உளர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை விளம்பரம் பெறாத ஒன்று. வரலாற்றையும் பண்பாட்டு மரபையும் முதுகலை நிலையில் பயின்று, அக்கல்வியைக் கொண்டு பொதுமக்களிடையே பணியாற்றுவதே அது. மேனாட்டார் இதனைப் 'பொது வரலாறு' என்பர். 1976-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து சாண்டா பார்பரா வளாகத்தில், இராபர்ட் கெல்லி என்னும் வரலாற்றுப் பேராசிரியர் இப்பெயரால் ஒரு பட்டமேற்படிப்பைத் தொடங்கினார். அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், அரசு அலுவலகம், ஊர் மன்றம் முதலிய இடங்களில் வரலாற்று அறிவைப் பயன்படுத்த வல்லவர்களை ஆயத்தம் செய்வது அதன் நோக்கம்.

பெயர் புதிது, தேவையோ மிகப் பழையது. அத்தேவை யாதென்பதை விளக்கக் காஞ்சிபுரத்தைத் துணைக்கொள்கிறேன்.

காஞ்சி, கோயில் நகரம் என்றும் பட்டு நகரம் என்றும் இரு பெயர் பெற்றது. வெளியூரிலிருந்து வருவோர் காலையில் கோயிலைக் கண்டு, மாலையில் சேலை வாங்கிக்கொண்டு திரும்புவர். கோயில் வேறு, தறி வேறு என்பதே அவர்கள் எண்ணம். பண்டைய ஆவணங்கள் அவ்வாறு பிரித்துக் காட்டவில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று உள்ளது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. காஞ்சியில் ஊரகம் என வழங்கிய திருமால் கோயிலின் வரவு செலவுகளை அது விரித்துரைக்கிறது. அக்கோயிலின் காரியங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு, கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி முதலிய சேரிகளில் வாழ்ந்த நெசவாளரோடு பிணைக்கப்பட்டிருந்ததை அச்செப்பேட்டால் அறிகிறோம். சேரி என்பதற்கு அக்காலத்தில் குடியிருப்புப் பகுதி என்பதே பொருள் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் காஞ்சியின் நெசவாளர் கோயிற் கணக்கைக் கண்காணிக்கும் மதிப்புடையவராய் விளங்கினர்.

இச்செய்தி கல்வெட்டுத் தொகுதியில் அச்சேறி நெடுங்காலம் ஆயிற்று. கைலாசநாதர் கோயிலை அடுத்துள்ள பிள்ளையார்பாளையத்தில் தறியில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் இதனை எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? செப்பேடு சென்னையில் இருக்கிறது; அதன் வாசகம் தடித்த நூலொன்றில் இருக்கிறது; அதற்குரிய தெருவோ காஞ்சியில் இருக்கிறது. இம்மூன்றையும் இணைக்கும் பாலம் ஒன்று வேண்டும். அப்பாலத்தை அமைப்பவரே பொது வரலாற்று அறிஞர்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. செப்பேட்டில் வரும் நெசவாளரே இன்றைய நெசவாளரின் நேர் முன்னோர் என்று முடிவுகட்டிவிடலாகாது. பிற்காலங்களில் வெவ்வேறு பகுதிகளிலிருந்து நெசவுக் குடியினர் பலர் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். பெருமையூட்டும் செய்தியைச் சொல்லும்போதும் சான்று எதுவரை செல்கிறதோ அதுவரையே செல்லுதல் வேண்டும். இக்கட்டுப்பாட்டைக் கற்பிப்பதற்காகவே முதுகலைப் பயிற்சி இருக்கிறது.

சான்றைத் தேடிப் படிப்பது எத்தகைய உழைப்பு என்பதற்கு டாக்டர் சி. மீனாட்சி அவர்களின் வாழ்வு எடுத்துக்காட்டு. 1905-ஆம் ஆண்டில் பிறந்த அவர், பல்லவர் கால ஆட்சியையும் மக்கள் வாழ்வையும் ஆராய்ந்து, 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அவ்வாராய்ச்சி 1938-இல் நூலாக வெளிவந்தது. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் சிற்பமாக்கப்பட்டுள்ளது. இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப் பின் அரசுரிமைக்கு ஆளின்றிப் போகவே, காஞ்சியிலிருந்து சென்றோர் இரணியவர்மனைக் கண்டு வேண்டினர். அவனுடைய மைந்தருள் பன்னிரண்டு வயதுச் சிறுவனான பல்லவமல்லன் மட்டும் அரச பாரத்தை ஏற்க முன்வந்தான். அவனே பின்னர் இரண்டாம் நந்திவர்மன் எனப் புகழ்பெற்றான். இச்சிற்பங்களையும் அவற்றின்கீழ்ப் பொறித்த எழுத்துகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து மீனாட்சி ஒரு நூல் எழுதினார். அதனை இந்தியத் தொல்லியல் துறை 1941-இல் வெளியிட்டது. நூல் வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. 35 வயது நிறைவதற்கு முன்பே, 1940-இல் மறைந்துவிட்டார். அச்சிற்பங்கள் மணற்கல்லில் அமைந்தவை. காற்றும் மழையும் உப்பும் அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. கல் தேய்ந்த இடத்தில் நமக்குத் துணைநிற்பது, அது தேயுமுன் உற்று நோக்கி எழுதி வைத்தவரின் ஏடுதான்.

இனி, உண்மையை முழுமையாகச் சொல்லும் கடமையைப் பற்றிச் சில சொற்கள். காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நீங்கள் அறிவீர்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் பதவிக்கு வரலாகாது என்ற விதியைப் படிக்கும்போது நம் நெஞ்சம் விம்முகிறது. ஆனால் அதே கல்வெட்டு, வரி செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையும் உடையவராய், வேதமும் மந்திர நூலும் பயின்றவராய், 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உட்பட்டும் இருப்போரையே தகுதியுடையோர் என்கிறது. அது பிராமணர் ஊரின் சபை. உழுதவர், நெய்தவர், பெண்டிர் ஆகியோரின் பெயர்கள் அக்குடத்தில் இடப்படவில்லை. முதற்பகுதியை மட்டும் மேடையில் முழங்கினால் அது விளம்பரமாகும். பிற்பகுதியை மட்டும் பேசினால் அது வெறும் குறைகூறலாகும். இரண்டையும் சேர்த்து, ஊரார் முன்னிலையில் சினமின்றி எடுத்துரைப்பதற்குத் துணிவும் பயிற்சியும் வேண்டும்.

கல்லைப் போலவே தறியும் ஓர் ஆவணம். காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்புக் கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறமாகவும் இருபுறக் கரைகள் வேறு நிறமாகவும் அமைய, மூன்று நாடாக்களைக் கொண்டு அவற்றை ஒவ்வோர் ஊடையிலும் பிணைத்து நெய்வது கோர்வையாகும். மரபு முறையில் ஒருவர் தனித்து இதனை நெய்ய இயலாது. கரையோரத்து நாடாவை எறிந்து கொடுக்க அருகில் மற்றொருவர் அமர வேண்டும். உடலின் பாவோடு முந்தானையின் வேறு நிறப் பாவை இணைக்கும் முறைக்குப் பெட்னி என்று பெயர். இவை எவையும் நூலிற் படித்து வருவன அல்ல. கையிலிருந்து கைக்கு வருவன.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அது பெயரைக் காக்கிறது. நெசவாளர் கையிலுள்ள அறிவை எழுதிவைக்கும் பணி அதனால் நிறைவேறுவதில்லை. நெசவுக் குடும்பங்களின் இளைஞர் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். அவர்களைக் குறைகூறுவோர் உண்டு. நான் அவர்களோடு உடன்படேன். கோர்வைத் தறியின் ஓரத்தில் அமர்ந்த அந்த 'மற்றொருவர்' முற்காலத்தில் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோ ஆவார். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் இருந்தனர். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே நாள்தோறும் 'வரவில்லை' என்று எழுத நேரும் ஆசிரியனின் மனத்துன்பத்தை நான் அறிவேன். ஆதலால், மரபு என்று நாம் போற்றும் சேலையின் அழகில் அப்பிள்ளைகளின் இழந்த பள்ளி நாள்களும் கலந்துள்ளன. அருங்காட்சியகத்தில் அச்சேலையைக் காட்சிக்கு வைக்கும்போது, பிள்ளைகளின் வரலாற்றையும் பக்கத்தில் எழுதுதல் வேண்டும்.

மற்றொரு நிலையையும் எண்ணிப் பாருங்கள். கைலாசநாதர் கோயிலும் வைகுந்தப் பெருமாள் கோயிலும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் செய்த திருத்தத்தின்படி, இத்தகைய சின்னங்களிலிருந்து 100 மீட்டர் வரை புதுக்கட்டடம் எழுப்பலாகாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற வேண்டும். சின்னத்தைக் காக்க இது தேவையே. எனினும், மூன்று தலைமுறையாக அங்கே வாழும் குடும்பம் ஒன்று மகனுக்குத் திருமணம் செய்து மாடியில் ஓர் அறை கட்ட விரும்பினால், அவர்களுக்குக் கோயில் பகையாகத் தோன்றாதா? சட்டத்தை எளிய தமிழில் விளக்குவோரும், அவர்களுடைய இடர்ப்பாட்டை அலுவலகத்துக்கு எடுத்துச் சொல்வோரும் இல்லையெனில், பாதுகாப்பு என்ற சொல்லே மக்களுக்குக் கசந்துவிடும். திருப்பணிக் காலங்களில் சுண்ணாம்பு பூசியும் மணலைப் பீய்ச்சித் தூய்மை செய்தும் ஓவியங்களும் எழுத்துகளும் சிதைந்த கோயில்கள் நம் நாட்டில் பல. பக்தியோடு செய்தவர்களே அவற்றைச் செய்தனர். சுவரில் இருப்பது தம் ஊரின் நினைவு என்பதை உரிய காலத்தில் அவர்களிடம் எவரும் சொல்லவில்லை.

இத்துறையில் புகுவோர் எவற்றைக் கற்க வேண்டும்? முதலில் எழுத்து. கைலாசநாதர் கோயிலில் இராசசிம்மனின் விருதுப் பெயர்கள் கிரந்தம் முதலிய எழுத்துகளில் உள்ளன. அங்கேயே கன்னடக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், அக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் கவராது அதனைக் கோயிலுக்கே அளித்த செய்தியை அது கூறுகிறது. பகையரசனின் பண்பை அவன் மொழியிலேயே நம் கோயில் காத்து வைத்திருக்கிறது. தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அது வெறுங் கோடுகளாகவே தோன்றும். அடுத்து, முதியோரிடம் பணிவோடு கேட்டுப் பதிவு செய்யும் முறை. இசைவு பெற்றே பதிவு செய்தல், அவர் சொற்களை மாற்றாது எழுதுதல், பதிவின் ஒரு படியை அவரிடமே கொடுத்தல் ஆகியவை அதன் அறங்கள். அவற்றோடு சட்டமும், நிழற்படக் கலையும், கணக்கும், பிழையற்ற உரைநடையும் வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறும் தொல்லியலும் முதுகலை நிலையில் பயிற்றுவிக்கப்படுகின்றன. 1981-இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் தனித்துறை உண்டு. 1961-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் இக்கலையில் பயிற்சி அளித்து வருகிறது.

"இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும், ஐயா?" என்று பெற்றோர் கேட்பர். அவ்வினா நியாயமானது; அதற்கு மெய்யான விடையே கூற வேண்டும். அரசுத் துறைகளிலும் அருங்காட்சியகங்களிலும் பதவிகள் உண்டு. அவை எண்ணிக்கையிற் குறைவு. விரைந்து பொருளீட்ட விரும்புவோருக்கு இவ்வழி ஏற்றதன்று. ஆசிரியப் பணி, பதிப்புப் பணி, ஆவணப் பணி, சுற்றுலா வழிகாட்டல் ஆகியவற்றோடு இக்கல்வியை இணைத்துக்கொண்டு வாழ்வோர் உண்டு. ஆர்வம் இருந்தும் வசதி குறைந்த மாணவர், முதலில் நிலையான பிழைப்புக்கு வழி செய்துகொண்டு, மாலை நேரங்களில் கல்வெட்டு எழுத்துப் பயின்றாலும் இழுக்கில்லை. ஊரின் வரலாற்றுக்கு அவரும் தேவைப்படுகிறார்.

முடிவாக, வரும் விடுமுறைக்கு ஒரு சிறு பணி தருகிறேன். உங்கள் ஊர்க் கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டு ஒன்றின் அச்சான வாசகத்தை நூலகத்தில் தேடி எடுங்கள். அதனைச் சுவரின் முன் நின்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் படியுங்கள். பின்னர் அத்தெருவில் கைத்தொழில் செய்யும் முதியவர் ஒருவரிடம் சென்று, கல்வெட்டில் கண்டதை அவருக்குச் சொல்லுங்கள்; அவர் தம் தொழிலில் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. நுழைவுத் தேர்வும் இல்லை. அந்த முதியவர் உங்களை மறுநாளும் வரச் சொன்னாராயின், நீங்கள் இத்துறைக்கு உரியவர் என்று கொள்ளலாம்.