கூரைக்கு அடியில் ஓர் அறை கிடைக்குமா?

இன்று அரங்கில் அரசியலும் இல்லை, சினிமாவும் இல்லை. நம் தலைக்கு மேலே இருக்கும் கூரையைப் பற்றித்தான் பேச்சு. சிரிக்காதீர்கள், இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இடப் பற்றாக்குறையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. டிரங்குப் பெட்டி, பழைய பாய், தீபாவளிப் பலகாரச் சட்டி எல்லாம் பரணுக்குத்தான் போகும். பிறகு தோட்டத்தை விட்டு வெளியேறி, தாமானில் ஒரு மாடியில்லாத வீடு வாங்கினோம். பிள்ளைகள் வளர்ந்ததும் பழைய எண்ணம் திரும்ப வருகிறது. சிலிங்குக்கு மேலே இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, குறுக்கே நிற்கும் கட்டைகளை அறுத்துப் பலகை போட்டால் ஓர் அறை ஆயிற்றே!

அந்தக் கட்டைகள் சும்மா நிற்கவில்லை. இரண்டு சீட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திப் பாருங்கள். மேலே விரலை வைத்தால் இரண்டு அடியும் விலகி ஓடும். கூரையின் சாய்மரங்களும் அப்படித்தான் சுவரை வெளியே தள்ளப் பார்க்கின்றன. அவற்றின் அடிகளை இழுத்துப் பிடிப்பது கீழே படுத்திருக்கும் மரம். நடுவில் உள்ள சாய்வுக் கட்டைகள் சாய்மரம் தொய்யாமல் தாங்குகின்றன. முக்கோணம் உருக்குலையாது, அதனால்தான் மெல்லிய மரமே அத்தனை ஓட்டையும் தாங்கி நிற்கிறது. ஒன்றை அறுத்தால் அதன் சுமை பக்கத்துச் சட்டங்களின் தலையில் விழும். அன்றைக்கே இடியாமல் போகலாம். ஆனால் போகப் போகக் கூரை முதுகு வளையும்.

பாரக் கணக்கையும் கேளுங்கள். சிலிங்குக்கு மேலே எதையாவது வைப்பதற்கென்று கட்டட விதிகள் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோதான் ஒதுக்குகின்றன. ஆள் நடமாடும் வீட்டுத் தரைக்கோ சுமார் 150 கிலோ. ஆறு மடங்கு! நூறு கேலன் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 450 கிலோவைத் தாண்டும். அதற்குத் தனியாகத் தாங்கல் வேண்டும்.

அப்படியானால் மேலே அறையே கூடாதா? கூடும், முதலிலேயே அதற்கென்று சட்டம் செய்தால். நடுவில் சாய்வுக் கட்டைகள் இருக்காது. இரு பக்கமும் இரண்டு நிமிர்ந்த கால்கள், தலைக்கு மேலே ஒரு குறுக்குமரம், இடையில் அறை. ஆனால் முக்கோணம் போய் நாற்கோணம் வந்துவிட்டதே! நாற்கோணம் எளிதில் கோணும். கீழ்மரமும் இப்போது தரையைச் சுமந்து வளையப் பார்க்கும். ஆகவே மரம் தடிக்க வேண்டும், மூட்டுகள் பலக்க வேண்டும், செலவும் ஏறும். உயரமும் வேண்டும். 20 அடி அகலத்துக்கு 25 பாகை சாய்வு என்றால் உச்சி ஐந்து அடிகூட வராது. 45 பாகை என்றால் பத்தடி.

செங்குத்துக் கூரையில் நம் மாநிலம் யாருக்கும் சளைத்ததல்ல. கோலப்பிலா அருகே ஸ்ரீ மெனாந்தி அரண்மனையைப் பாருங்கள். பழைய அரண்மனை 1875-இல் எரிக்கப்பட்ட பிறகு, 1902 முதல் 1908 வரை 99 தூண்களோடு கட்டியது. ஆணியில்லாத மர வேலை. கோபுரத்து நான்காம் மாடியில் கருவூலத்தையும் ஆவணங்களையும் வைத்திருந்தார்கள். அந்தக் கனம் கூரைமேல் இல்லை. தரையிலிருந்து எழும் பெரிய தூண்களின் மேல் இருக்கிறது. அந்தக் காலத்துத் தச்சர்கள் முதலில் யோசித்தது, பாரம் எந்த வழியாக மண்ணுக்குப் போகும் என்பதைத்தான்.

நம் குத்தகைக்காரரிடமும் அதையே கேளுங்கள். "அண்ணே, இந்தக் கட்டையை எடுத்தால் பாரம் எங்கே போகும்?" பதில் வராவிட்டால் ரம்பத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். பொறியாளர் வரைபடம், நகராண்மைக் கழக அனுமதி, இரண்டும் கைக்கு வரட்டும். வெப்பத்தையும் மறக்காதீர்கள், மதியத்தில் கூரையடி அடுப்படிதான். வெப்பத் தடுப்பும் காற்று வழியும் இல்லாமல் பிள்ளையை அங்கே படிக்க வைக்க முடியாது.

பழைய வீடு வாங்கியவர்கள் இந்த வாரம் சிலிங் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். யாரோ முன்பே அறுத்த கட்டை கண்ணில் பட்டால், மேலே ஏறாதீர்கள். அதற்கு நேர் கீழே உள்ள கட்டிலை நகர்த்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.