எல்லைக் காவலில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு டின் பலகாரம்



ஈப்போவிலிருந்து கோப்பெங் செல்லும் பாதையில், சுண்ணாம்புக் குன்றுகளின் ஓரமாக இருக்கிறது எங்கள் சிம்பாங் பூலாய். சிம்பாங் என்றால் மலாய் மொழியில் சந்தி. பூலாய் என்பது நம் ஏழிலைப்பாலையின் இனத்தைச் சேர்ந்த மரம். பெயருக்கு ஏற்றாற்போல் இங்கிருந்து சாலைகள் பிரிகின்றன. ஒன்று கேமரன் மலைக்கு ஏறுகிறது. சாலைகள் பிரிவது போலவே நம் பிள்ளைகளும் பிரிந்து போகிறார்கள். ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பிறகு, லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வேலை தேடிப் பல ஊர்களுக்குச் சென்றார்கள். அவர்களுள் சிலர் சீருடை அணிந்தார்கள். பல இனத்தவரும் ஒன்றாகப் பணியாற்றும் ரேஞ்சர் படையில் நம் தமிழ் இளைஞர்களும் இருந்து வந்திருக்கிறார்கள்.

படைவீரனுக்குப் பண்டிகை நாளில் விடுப்புக் கிடைக்கும் என்று உறுதியில்லை. தாய்லாந்து எல்லைக் காட்டில் காவல் இருக்கலாம். 2013-ஆம் ஆண்டு லஹாட் டத்துவில் நடந்த ஊடுருவலுக்குப் பிறகு சபாவின் கிழக்குக் கரையில் காவல் பலப்படுத்தப்பட்டது, அங்கே இருக்கலாம். 1960-இல் காங்கோவுக்கும், 1993-இல் போஸ்னியாவுக்கும் சோமாலியாவுக்கும், 2007 முதல் லெபனானுக்கும் நம் நாட்டுப் படையினர் ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணிக்காகச் சென்றிருக்கிறார்கள். இப்படித் தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு, வீட்டில் செய்த பலகாரத்தை நல்ல நிலையில் எப்படிக் கொண்டு சேர்ப்பது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். உலகப் போர்களின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் இடம் உண்டு. 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளுக்காக, இங்கிலாந்து இளவரசி மேரியின் பெயரால் நிதி திரட்டி, படையினருக்குப் பித்தளைப் பெட்டிகளில் பரிசு அனுப்பினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் புகையிலையும் சிகரெட்டும். இந்தியச் சிப்பாய்க்கோ கற்கண்டும், சிறு டப்பாவில் மசாலாப் பொருள்களும் சேர்ந்தன. யாருக்கு அனுப்புகிறோம், அவர் நாவுக்கு எது பழக்கம் என்று எண்ணிப் பார்த்து அனுப்பிய பெட்டி அது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓட்ஸ், சீனிப்பாகு சேர்த்துச் சுடும் ஒரு பிஸ்கட்டுக்கு 'அன்சாக்' என்று படையினர் பெயரே நிலைத்துவிட்டது. அதில் முட்டை சேர்ப்பதில்லை. ஆகவே நாள்பட இருக்கும்.

நம் பக்கத்துக் கதை வேறு. 1942, 43-ஆம் ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். அங்கிருந்த போர்க்கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலங்கள் அரிதாகவே கிடைத்தன. நம் தோட்டத் தொழிலாளிக்கு அந்த அரிதும் இல்லை. வீட்டிலிருந்து ஒரு பிடி அவல்கூடப் போய்ச் சேரவில்லை. போனவர்களில் ஏராளமானோர் திரும்பவும் இல்லை. அந்த நினைவு இருக்கிற சமுதாயம் நாம். அஞ்சல் ஓடுகிற காலத்தில், அனுப்ப முடிகிற பொட்டலத்தை அனுப்பாமல் இருக்கலாமா?

இனி அடுப்படிக்கு வருவோம்.

பலகாரத்துக்கு எதிரிகள் நான்கு: நீர்ப்பசை, காற்று, வெப்பம், குலுக்கல். நீர்ப்பசை இருந்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றும் வெப்பமும் சேர்ந்தால் நெய்யும் எண்ணெயும் சிக்கு வாடை அடிக்கும். குலுக்கலினால் நொறுங்கும். பேராக்கில் தீபாவளி வருகிற அக்டோபர், நவம்பர் மாதங்கள் மழைக்காலம். காற்றே ஈரமாக இருக்கும். காலையில் மொறுமொறுப்பாக இருந்த பிஸ்கட், திறந்து வைத்தால் மாலைக்குள் நமத்துப் போகிறது அல்லவா?

நம் வீடுகளில் எல்லோருக்கும் பிடித்தது சுஜி பிஸ்கட், அதாவது நெய் பிஸ்கட். வாயில் போட்டால் கரைய வேண்டும் என்பதுதான் அதன் பெருமை. ஆனால், நேயர்களே, வாயில் கரைகிற பிஸ்கட் வழியிலும் கரைந்துவிடும்! மூன்று லாரி மாறி, ஒரு விமானம் ஏறிப் போய்ச் சேரும்போது டின்னில் இருப்பது நெய் வாசம் வீசும் மாவுதான். ஆகவே பயணத்துக்கென்று பக்குவத்தைச் சற்று மாற்ற வேண்டும்.

கோதுமை மாவு 400 கிராம், இலேசாக வறுத்த நைசு ரவை 50 கிராம், பொடித்த சீனி 150 கிராம், நெய் 200 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலக்காய்ப் பொடி. முட்டை வேண்டாதவர்கள் இரண்டு மேசைக்கரண்டி பால் சேர்க்கலாம். வழக்கத்தைவிட நெய் குறைவு. மஞ்சள் கருவோ மாவைப் பிடித்து வைக்கும். மாவைப் பிசைந்து அரைமணி நேரம் வைத்து, கால் அங்குலக் கனத்துக்குத் தேய்த்து, சிறு வட்டங்களாக வெட்டுங்கள். பெரிய பிஸ்கட் உடையும், சிறியது தாங்கும். 160 பாகை செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ 20 நிமிடம் சுடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறம் ஆக வேண்டும். வெளுப்பாக எடுத்தால் உள்ளே ஈரம் தங்கும். அவன் அடுப்பு இல்லாதவர்கள், கீழே தணல், மேலே தகர மூடியின் மீது தணல் என்று குவே பாஹுலு சுடும் முறையிலும் சுடலாம். நேரம் மட்டும் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சுட்டவுடன் டின்னில் அடைக்காதீர்கள். சூடாக அடைத்தால் ஆவி மூடியில் நீராகி, மீண்டும் பிஸ்கட்டின் மேலேயே சொட்டும். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்காதா? கம்பித்தட்டில் பரப்பி, முழுதும் ஆறிய பிறகே அடைக்க வேண்டும்.

மற்றப் பலகாரங்களில் எது பயணம் தாங்கும்? கெட்டி உருண்டைக்குத்தான் முதல் இடம். வெல்லப்பாகில் இறுகிய அது, கீழே விழுந்தாலும் உடையாது. அதில் சேர்க்கும் தேங்காய்ப் பல்லை மட்டும் ஈரம் போக நன்றாக வறுத்துவிட வேண்டும். எள்ளுருண்டையும் தாங்கும். ஓமப்பொடி நொறுங்கினாலும் ருசி கெடாது. கை முறுக்கைச் சிறு சுற்றாகச் சுற்றினால் பாதியாவது முழுசாகப் போகும். அச்சு முறுக்கு கண்ணாடி போன்றது, வேண்டாம். பயத்தம்பருப்பு நெய் உருண்டை பொடியாகிவிடும். அதிரசம் மென்மையானது, நீர்ப்பசை உள்ளது. உள்நாட்டில் இரண்டு மூன்று நாளில் சேரும் இடத்துக்கு மட்டும் அனுப்புங்கள். பொரிப்பதற்குப் புதிய எண்ணெயே வேண்டும். பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்தது விரைவில் சிக்கு வாடை பிடிக்கும்.

அடுத்தது கட்டும் முறை. காலியான பால்மாவு டின்னோ மைலோ டின்னோ போதும். கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உள்ளே எண்ணெய்த்தாள் சுற்றுங்கள். பிஸ்கட்டுகளைப் படுக்க வைக்காமல், நாணயம் அடுக்குவது போல் நெருக்கமாக நிறுத்தி அடுக்குங்கள். இடைவெளியைக் கசக்கிய எண்ணெய்த்தாளால் நிரப்புங்கள். இனிப்பையும் காரத்தையும் ஒரே டின்னில் போட வேண்டாம். ஓமவாசம் பிஸ்கட்டில் ஏறும். பிஸ்கட்டின் ஈரம் முறுக்கில் ஏறும். மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, அட்டைப்பெட்டியில் நான்கு பக்கமும் காகிதம் திணித்து வையுங்கள். பிறகு பெட்டியை ஆட்டிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது என்று பொருள்.

எங்கள் பக்கத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து செய்யும் ஒரு வழக்கத்தையும் சொல்ல விரும்புகிறோம். அனுப்புவதற்கு முன், அதே பக்குவத்தில் ஒரு சிறு டின் கட்டி, வீட்டில் பத்து நாள் வைத்துவிடுவோம். இடையில் இரண்டு மூன்று முறை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவோம். பத்தாம் நாள் திறந்தால் தபாலில் என்ன நடக்கும் என்பது தெரிந்துவிடும். செலவில்லாத சோதனை இது.

பெட்டிக்கு ஒரு கருத்து இருந்தால் பெறுகிறவனுக்கு மகிழ்ச்சி கூடும். தீபாவளிப் பெட்டி என்றால் நெய் பிஸ்கட், முறுக்கு, புது வேட்டி அல்லது சட்டை, தங்கை கையால் வரைந்த ஒரு கோலம். பொங்கல் பெட்டி என்றால் எள்ளுருண்டை, கெட்டி உருண்டை, ஏலக்காய். பிறந்தநாள் பெட்டி என்றால் அவனுக்குச் சிறுவயதில் பிடித்தது எதுவோ அது. 'நம்ம ஊர்ப் பெட்டி' என்று ஒன்று கட்டலாம். அதில் ஈப்போ வெள்ளைக் காப்பிப் பொட்டலங்கள் சில இருக்கட்டும். ஆனால் மத்தாப்பு, தீப்பெட்டி எக்காரணம் கொண்டும் கூடாது. தபாலில் தீப்பிடிக்கும் பொருளுக்குத் தடை உண்டு. எண்ணெய்ப் புட்டியும் வேண்டாம். மூடி கசிந்தால் பெட்டி முழுதும் பாழாகும். சாக்லேட்டும் வெயிலில் உருகும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு பொட்டலத்துக்கு எடை வரம்பு பொதுவாக 2 கிலோ. உள்ளே இருப்பதைச் சுங்கப் படிவத்தில் உள்ளபடி எழுத வேண்டும். எந்த முகவரிக்கு அனுப்பலாம், எப்போது அனுப்பலாம் என்பதைப் பிள்ளையிடமோ அவனது படைப்பிரிவிலோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படை எங்கே நிற்கிறது என்பதைப் பெட்டியின் மேல் எழுதுவதும், ஊரெல்லாம் சொல்வதும் தகாது.

இன்னும் ஒன்று. படைமுகாமில் டின்னைத் திறந்தால் அதை ஒருவன் மட்டும் தின்ன முடியுமா? மலாய்க்காரத் தோழன் இருப்பான், சீனன் இருப்பான், இபான், கடசான் தோழர்கள் இருப்பார்கள். தீபாவளிக் காலையில் நம் பிள்ளைக்காகக் காவல் மாற்றிக்கொண்டவன் அவர்களில் ஒருவனாகவும் இருக்கலாம். ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே செய்யுங்கள். பன்றிக்கொழுப்பு, மது கலந்த வாசனைச் சாறு எதுவும் சேராமல் செய்யுங்கள். நிலக்கடலை சிலருக்கு ஒவ்வாது. சேர்த்திருந்தால் டின்னின் மேல் எழுதிவிடுங்கள். அப்போதுதான் எல்லோரும் அச்சமின்றிக் கை நீட்டுவார்கள்.

கடைசியாக, ஒரு கடிதம். கைப்பேசியில் தினமும் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசி எட்டாத காடும் மலையும் இன்னும் இருக்கின்றன. டின் காலியான பிறகும் கடிதம் சட்டைப்பையில் இருக்கும். வீட்டில் நடந்ததை எழுதுங்கள். கவலையை மட்டும் அளந்து எழுதுங்கள்.

லயத்து வீடுகளில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடி இரவெல்லாம் பலகாரம் சுட்ட காலம் போய்விட்டது. பக்குவம் தெரிந்த பாட்டிமார்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். கையளவும் கண்ணளவும் தவிர அவர்களிடம் வேறு குறிப்பு இல்லை. வருகிற தீபாவளிக்குள் உங்கள் வீட்டுப் பாட்டி பக்கத்தில் அமர்ந்து, அவர் கைப்பிடி எத்தனை கிராம் என்று நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறையில் சீருடை அணியப் போகிற பிள்ளைக்கும் ஒரு டின் போய்ச் சேர வேண்டும் அல்லவா?